சன்னதிக்குத் திரும்பி நின்றது

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயால் அவருடைய பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனித் திரும்பாது என்று செங்கல்பட்டுக் கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு வரும் பஸ்ஸில் நான் அழுதேன்.

“பெருமாள் கீறாரு, வுடமாட்டாரு” என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஒருமுறை கூட்டம் தள்ளியதில், அவர் சன்னதிக்கு முதுகைக் காட்டியபடி தூணைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

“சாமி இந்தப் பக்கமா?” என்று கேட்டார்.

“ஆமாய்யா.”

“நீ இன்னா வேண்டிக்கின?”

எனக்கு வேண்டிக்கொள்ளவே மனம் வரவில்லை. ஆனாலும், “உனக்குக் கண்ணு தெரியணும்னு” என்றேன்.

“நான் அத்தக் கேக்கறத வுட்டு ரொம்ப நாளாச்சும்மே.”

“அப்புறம் இன்னாத்துக்கு வர்ற?”

“வேற யாருகிட்ட போறது?” என்றார்.

அவர் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போனோம். பார்வை கடைசிவரை வரவில்லை.