டபுள் சைஸ் மாவுப்பூச்சி

சந்தையில் பரங்கிக்காயை மூட்டை மூட்டையாக வாங்கும்போதெல்லாம், "விசேஷமா மேடம்?" என்று கேட்பார்கள். பூச்சிக்குச் சாப்பாடு என்றால் யார் நம்புவார்கள்? குப்பம் ஊரை ஒட்டி இருக்கும் எங்கள் பூச்சி வளர்ப்புக் கூடத்தில் வேலையே அதுதான். பரங்கிக்காயில், செடிச் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சியைப் பரவவிட்டு, அதைத் தின்னும் பொறிவண்டுகளை வளர்ப்போம். மிளகைவிடச் சின்ன வண்டு. கறுப்பு உடம்பு, செம்பழுப்புத் தலை. டப்பாவில் போட்டு விவசாயிகளுக்குக் கொடுப்போம்.

அப்படி வாங்கிப்போன மல்பெரித் தோட்டத்து அக்கா ஒருவர், மூன்று வாரம் கழித்து போன் செய்தார். அவர் தோட்டம் முழுக்க மாவுப்பூச்சி. வீட்டிலோ பட்டுப்புழுக்கள் முட்டையிலிருந்து வெளிவந்துவிட்டன. மருந்தடித்த இலையைத் தின்றால் அத்தனையும் செத்துவிடும். வண்டுகளைத்தான் நம்பியிருந்தார்.

"இன்னாம்மா, நீ குட்த்த வண்டு ஒண்ணையும் காணோம். மாவுப்பூச்சிதான் டபுள் சைஸ்ல ஓடிக்கினு கீது! செடி நுனியெல்லாம் ஒடிச்சு சாக்குல போட்டுட்டேன். கொளுத்தப் போறேன்."

மாவுப்பூச்சி எங்கேயாவது ஓடுமா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, கொளுத்தாதீங்க! அது வண்டோட குஞ்சு!" என்று கத்தினேன். அந்த வண்டின் புழுவும் மாவு பூசியதுபோல வெள்ளையாகத்தான் இருக்கும். டப்பாவைக் கொடுத்த அன்று வண்டின் பெருமையை அரை மணி நேரம் அளந்தேன். இதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்!

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. தோட்டத்து மூலையில் அக்கா தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தார்.

"வண்டு கறுப்பு, இது வெள்ள. யார்கிட்ட கத வுட்ற?"

சாக்கைப் பிரித்து ஒரு நுனியை எடுத்து அவர் கண்ணருகே பிடித்தேன். பெரிய வெள்ளைப் புழு ஒன்று மாவுப்பூச்சியைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்பிக் கிடந்த வெள்ளைக்கு நடுவே இலையின் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது.

"அய்ய, நெஜமாவே துன்னுதும்மா!" என்றார் அக்கா. உடனே அவர் முகம் மாறியது. வரப்போரம் ஒரு சாம்பல் குவியல். "காலைலயே ஒரு சாக்கு கொளுத்திட்டனே!"

"தப்பு என்னோடதுக்கா."

"அதுக்கு அப்பறம் திட்றேன். இதுங்க சாக்குல அடஞ்சு கெடக்குதுங்க, மொதல்ல செடில வுடு!"

நுனிகளை மடியில் அள்ளிக்கொண்டு அவர் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடி, செடிக்கு ஒன்றாகச் செருகினேன்.

அந்த முறை அவருடைய பட்டுப்புழுக்கள் இலைக்குத் தவிக்காமல் கூடு கட்டின. சொன்னபடி அக்கா என்னைத் திட்டவும் செய்தார், ஆசை தீர.