சீர்காழி தாண்டி முக்கால் மணி நேரம்

தம்பியின் மகன் காலை ஆறு மணிக்குப் போன் செய்தான். "பெரியப்பா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வாங்க" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் வயதானவர்களுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள். முடியவில்லை, வாங்க என்பார்கள். போய் இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருக்கும். அப்பா இறந்தபோது எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அதனால் தம்பி போய்விட்டான் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவனோடு எனக்கு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் பொது நிலத்தில் என்னைக் கேட்காமல் போர்வெல் போட்டான் என்பது காரணம். வாய்க்காலில் தண்ணீர் வராத வருடம் அது. சென்னையில் உட்கார்ந்திருந்த என்னிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் பயிர் கருகியிருக்கும். இது எனக்கு அப்போதே தெரியும். இனி அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்று அன்று காலை ஒரு நிம்மதி வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் வந்தது.

என் மகன் கார் ஓட்டினான். நானும் மனைவியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சிதம்பரத்தில் ஒரு ரோஜா மாலை வாங்கினோம். சீர்காழி தாண்டி, சாலையில் பாதியை அடைத்துக் குறுவை நெல் காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்தது. ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை. நிறுத்தச் சொன்னேன்.

"இப்பவா?" என்றாள் மனைவி.

"அங்க போயிட்டா எடுக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி கிடையாது. எனக்கு சுகர் வேற."

"அப்ப ஒரு போன் போட்டு என்னன்னு கேட்டுடுங்க."

"கேட்டுட்டா சாப்பிட முடியாது."

செய்தி காதில் விழுந்தால்தான் பங்காளிக்குத் தீட்டு. விழாதவரை சாப்பிடலாம். படித்தவன் நான், இந்தச் சௌகரியத்தை நினைத்துக்கொண்டுதான் கை கழுவினேன்.

பரிமாறிய அம்மா காரை எட்டிப் பார்த்தார். "மாலை வாடுதே, தண்ணி தெளிச்சி விடட்டுங்களா? யாரு தவறிட்டாங்க?"

"தம்பி."

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கய்யா. நீங்க தெம்பா இருந்தாத்தானே அவங்களத் தேத்த முடியும்" என்று ஒரு விரால் துண்டைக் கூடுதலாக வைத்தார்.

எதிரே இருந்த லாரி டிரைவர், "ஏன்க்கா, எனக்கு மட்டும் வால் துண்டா?" என்றார்.

"பேசாம சாப்புடு. அவங்க துக்கத்துக்குப் போறாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்தத் துண்டையும் சாப்பிட்டேன். மனைவி தயிர்ச் சோற்றோடு எழுந்துவிட்டாள். மகன் மோர் மட்டும் குடித்தான். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம்.

தம்பி வீட்டு வாசலில் பந்தல் இல்லை. தெருவில் ஆட்கள் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தம்பி மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அரை மணி நேரம் ஆவுது பெரியப்பா. காலைலேர்ந்து நெனவு இருந்துச்சு. கார் சத்தம் கேட்டா, அண்ணனான்னு பாருடான்னுகிட்டே இருந்தாங்க. ரோட்டுல நெல்லு காயுதுப்பா, மெதுவாத்தான் வர முடியும்னு நான் சொல்லிகிட்டிருந்தேன்."

"திரும்ப ஒரு போன் போடக் கூடாதாடா?"

"நீங்கதான் வந்துகிட்டே இருக்கீங்களே பெரியப்பா."

உள்ளே போனேன். தம்பியின் மனைவி அழுகையினூடே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வழில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா அத்தான்? சுகர் உள்ளவங்களாச்சே."

"இல்லம்மா" என்றேன்.

கூடவே உள்ளே வந்த என் மகன் வெளியே போனான். தம்பியின் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லி எனக்கு மட்டும் இரண்டு இட்லி வைக்கச் செய்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதையும் தின்றேன்.

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இது அச்சில் வந்தால் அவர் படிப்பார்.