வைஃபை பார்த்துக்கொண்ட பெய்ரோங்

தைவானின் கீலுங் துறைமுகத்தை ஒட்டிய குன்றுச் சரிவில் எங்கள் முதியோர் இல்லம் இருந்தது. நான் அங்கே நர்ஸ். வைஃபையைப் பார்த்துக்கொள்ளவென்று அங்கே யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. அது தானாகவே யோ பெய்ரோங்கின் தலையில் வந்து விழுந்தது. சம்பளம் போடுவது, பெரியவர்களுக்கான டயப்பர் வாங்குவது, லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது என்று அலுவலக வேலை எல்லாம் அவள்தான். ஒருநாள் செத்துக் கிடந்த ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். அது பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற முதலாளி ஜியான், "அடடே, உனக்கு இதெல்லாம் வருமா!" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள்.

நாற்பதைத் தாண்டியவள். தனியாள். யார் தப்பு செய்திருந்தாலும் "மன்னிச்சுக்குங்க" என்று தானே முந்திக்கொள்கிற சுபாவம்.

முதலாளி எங்கிருந்தோ ஒரு கம்பெனியைப் பிடித்துப் புது ஏற்பாடு ஒன்றைச் செய்தார். ரத்த அழுத்தத்தை நாங்கள் டேப்லெட்டில் குறிக்க வேண்டும். பெரியவர்கள் மணிக்கட்டில் பட்டன் வைத்த பட்டை கட்டியிருப்பார்கள். அழுத்தினால் எங்கள் மேசையில் மணி அடிக்கும். எல்லாம் வைஃபை வழியாக. ஒவ்வொரு மாடிக் கூரையிலும் தட்டு மாதிரி வெள்ளைப் பெட்டிகளை ஒட்டிவிட்டுக் கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள்.

அந்தப் பெட்டிகள் திடீர் திடீரென்று ஊமையாகும். டேப்லெட் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் தானே சரியாகும். காலையா, மதியமா, மழையா, வெயிலா என்று கணக்கே கிடையாது. கம்பெனிக்குப் போன் செய்தால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்பதோடு சரி.

பெய்ரோங் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். மூன்றாம் மாடிப் பெட்டியை நகர்த்தினால் அங்கே நன்றாக வரும், இரண்டாம் மாடியில் படுத்துவிடும். தைவானில் எல்லாரும் செய்கிற மாதிரி, தேங்காய் வாசனைப் பொரி பொட்டலத்தைப் பச்சை உறையாகப் பார்த்து வாங்கி, மெஷின் சமத்தாக இருக்கட்டும் என்று ரவுட்டர் மேல் வைத்தாள். அதுவும் எடுபடவில்லை.

இரண்டாம் மாடி குவோ தாத்தா சக்கர நாற்காலியில் இருந்தபடி அண்ணாந்து பார்ப்பார்.

"ஏம்மா பொண்ணு, நீ அங்கேர்ந்து விழுந்தா எந்தப் பட்டனை அமுக்குவ?"

"உங்க பட்டனைத்தான் தாத்தா. கொஞ்சம் கடன் குடுங்க."

"இது வேலை செஞ்சா குடுக்க மாட்டேனா!"

இந்தச் சிரிப்பெல்லாம் குவோ தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றோடு போயிற்று. அவர் பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறார். எங்கள் மேசையில் ஒரு சத்தமும் இல்லை. படுக்கை விரிப்பு மாற்றப் போன வார்த்தினிதான், யாரோ செருப்பால் தரையைத் தட்டுவது கேட்டுக் கதவைத் திறந்தாள். வார்த்தினி இந்தோனேசியாவின் இந்திரமாயுவிலிருந்து பராமரிப்பு வேலைக்கு வந்தவள். தாத்தாவை அள்ளித் தூக்கியதும் அவள்தான். மணிக்கட்டு முறிந்திருந்தது.

தாத்தாவின் மகன் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். முதலாளி தலை குனிந்து நின்றார். பெய்ரோங் அவரைவிடத் தாழக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மகன் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார். உள்ளே நடந்ததைப் பெய்ரோங்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"இந்தப் பராமரிப்புப் பொண்ணுங்க நாள் பூரா போனும் கையுமா இருக்காளுங்க. அதான் வைஃபை அடைச்சுக்குது. எல்லாத்தையும் வெட்டி விடு."

"முதலாளி, நான் பாத்துட்டேன். தாத்தா விழுந்தப்ப அவங்க போன் எதுவுமே ஓடலை. எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்துல நின்னிருக்கு. இது வேற ஏதோ..."

"வேற என்ன?"

பெய்ரோங் உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலைல்ல? அப்ப சொன்னதைச் செய்."

செய்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். எந்தெந்தப் போன் உள்ளே இருக்கிறது என்று முதலாளி தன் கைப்பேசியிலேயே பார்க்கும்படி ஒரு செயலியையும், அவர் கேட்டார் என்று, போட்டுக் கொடுத்தாள். பிறகு சாப்பாட்டு அறைக்கு வந்து பராமரிப்புப் பெண்களிடம் சொன்னாள். யாரும் சண்டை போடவில்லை. வார்த்தினி மட்டும் கேட்டாள்.

"எத்தனை நாளைக்குக்கா?"

"சரியாகுற வரைக்கும். மன்னிச்சுக்க."

வார்த்தினியின் மகள் நிங்ரும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். அது எங்களுக்கு மதிய இடைவேளை. அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டுக்கொண்டே வார்த்தினி சோறு தின்பாள். அதற்கப்புறம் அவள் அந்த நேரத்தில் குடையோடு வாசலில் நின்றாள். கையிலிருந்த மலிவான சிம்மில் குன்றுச் சரிவில் படம் வராது. குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். கீலுங் மழைதான் தெரியுமே, விடுகிற மழையா?

வெட்டிய பிறகும் பெட்டிகள் முன்போலவே ஊமையாயின. பெய்ரோங் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் கம்பெனி தூ என்ற இளம் டெக்னீஷியனை அனுப்பியது. அவன் மடிக்கணினியைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, உங்க பெட்டி ரேடாரைப் பாத்துப் பயப்படுது."

"என்னது?"

"இதுங்க ஓடுற சேனல்ல ரேடார் சத்தம் கேட்டா, உடனே வாயை மூடிட்டு வேற சேனலுக்கு மாறணும். அது சட்டம். மழை பாக்குற ரேடாரோ, துறைமுகத்துக்கு வர்ற கப்பலோ, எதுன்னு சொல்ல முடியாது. நான் வேற சேனல்ல பூட்டிடுறேன். நிக்காது. ஆனா அந்தச் சேனல்ல சுத்தி இருக்குற அடுக்குமாடி வைஃபை எல்லாம் நெருக்குது. கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

"அப்ப போனுங்களால இல்லையே?"

"போனா? அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்!"

அதன் பிறகு பெட்டிகள் நிற்கவில்லை. மணி அடித்தது. பெய்ரோங் முகம் மலர்ந்து முதலாளியின் அறைக்குப் போனாள். நான் மருந்துக் கணக்கில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன். ரேடார், சேனல் எல்லாவற்றையும் அவள் பொறுமையாக விளக்கினாள். முதலாளி பாதியிலேயே கையைக் காட்டினார்.

"நான் சொன்னேன்ல? வெட்டினோம், சரியாச்சு."

"இல்லீங்க முதலாளி, வெட்டினப்புறமும் நின்னுச்சு. சேனலை மாத்தினதாலதான்..."

"இப்ப மெதுவாப் போகுதுன்னு நீயே சொல்றியே. மெதுவாப் போறப்ப அவங்களையும் விட்டா என்னாகும்? இன்னொரு தாத்தா விழுந்தா நீ பதில் சொல்வியா?"

அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஆனாலும் அவள் மனம் கேட்கவில்லை. வார்த்தினியின் போனை மட்டும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டாள். சாயங்காலமே முதலாளி தன் கைப்பேசியை நீட்டி, "இது யாரோடது?" என்றார். பெய்ரோங் அதையும் வெட்டிவிட்டாள். அடுத்து, இடைவேளையில் தன் போனின் இணைப்பைத் தருவதாக வார்த்தினியைக் கூப்பிட்டாள்.

வார்த்தினி வாசலில் நின்ற மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாருக்கும் குடுக்க முடியுமாக்கா?"

"என் போன் தாங்காதும்மா."

"அப்ப வேணாம். நான் மட்டும் எடுத்துக்கிட்டா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால், ரயில் நிலையத்தில் இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் வீட்டோடு பேசினார்கள். எல்லா ஞாயிறும் லீவு கிடைக்காது. கோடை வருவதற்குள் நிங்ரும் போனுக்கு வருவதே அரிதாகிவிட்டது. அவளுடைய பாட்டிதான் எடுப்பாளாம்.

ஒரு திங்கட்கிழமை கஞ்சிக் கிண்ணங்களை அடுக்கியபடி வார்த்தினி எங்களிடம் சொன்னாள். "விளையாடப் போயிருக்காளாம். கூப்பிட்டா வர மாட்டேங்குறா. நல்லதுதானே, அழாம விளையாடுறா."

பெய்ரோங் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார். பக்கத்து நுவான்நுவான் பகுதியில் இன்னொரு கட்டடம் எடுக்கப்போகிறாராம்.

"அங்கேயும் வைஃபை நீயே பாத்துக்க, என்ன?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரிங்க முதலாளி" என்றாள்.