மகள் எழுதிய பலவீனம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். என் மகளுக்குப் பட்டம் கிடைக்க நெறியியல் என்ற ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தது. அதில் ‘உன் பலம், பலவீனத்தை ஆராய்ந்து எழுதுக’ என்ற கேள்வி கட்டாயம் வரும். விடையை நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

படித்ததும் சிரித்துவிட்டாள். “என் பலவீனம் கூச்ச சுபாவமாப்பா? என் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குதுன்னு நீங்கதானே திட்டுவீங்க?”

“உண்மையை எழுதினா மார்க் கம்மியாயிடும். சொன்னதைப் படி.”

“சரிப்பா” என்று தலையாட்டினாள்.

தேர்வன்று பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டம். வெயிலில் நடந்தே வீடு வந்தவளிடம், “நான் கொடுத்ததை எழுதினியா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. தப்புன்னு தெரிஞ்சாலும் அப்பாவுக்குப் பயந்து தலையாட்டிடுவேன், அதான் என் பலவீனம்னு எழுதிட்டேன்.”

“அப்போ பலம்?”

“இன்னிக்குத் தலையாட்டலைன்னு எழுதினேன்.”

இவ்வளவு பேசுகிறவள் எனக்குப் பயந்திருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாததை, விடைத்தாள் திருத்தும் யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் தேறிவிட்டாள். எத்தனை மதிப்பெண் என்பது நினைவில்லை. என் எழுத்தை ஒதுக்கிவிட்டுத் தன்னை எழுதியவள் என் மகள் என்ற பெருமை இத்தனை வருடமாகியும் குறையவில்லை. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.