அம்மனுக்கு நேர்ந்த முடி

சங்கிலிப்பாண்டிக்கு ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்து நூல் மில்லில் எனக்குப் பக்கத்து மிஷின் அவனுடையது. ஆள் பொடிசு, பிடித்தால் உடும்புப்பிடி. எண்பத்தாறில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போன இந்தியக் குஸ்தி அணியில் ஆகக் குறைந்த எடைக்கு அவனை எடுத்தார்கள். "இவனா, குஸ்தியா" என்று சிரித்தவர்களே மாலையோடு வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

எழுபதுகளில் நாலைந்து தேசங்கள் கூடி ஆரம்பித்த போட்டி அது. நம் ஊர்க் குஸ்தியில் ஜெயிப்பதும் மண்ணைக் கவ்வுவதும் அவனவன் பாடு. அங்கே நாட்டுக்கு ஓர் அணி, எடைக்கு ஓர் ஆள். நிறுக்கும்போது ஒருத்தன் எடை கூடிப்போனால் அவன் ஆட்டம் எதிரிக்குச் சும்மா போகும். ஒருத்தன் தப்பை எல்லோரும் சுமக்க வேண்டும்.

அப்போது அவனுக்குத் தோள்வரை முடி. மகள் மாடத்தி அம்மை வார்த்துக் கண் திறக்காமல் கிடந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்தது. பிள்ளை பிழைத்தாள். ஆடிக் கடைசி வெள்ளியில் கோயிலில் இறக்கும்வரை அந்த முடியில் கத்தி படக்கூடாது.

போன இடத்தில், தண்ணீரைப் பல்லில் படவிடாமல் கிடந்தும் எடை கொஞ்சம் கூடிவிட்டது. கோச் கத்தரிக்கோலை நீட்டினார். உன் ஒருத்தன் முடிக்காக அத்தனை பேரும் தோற்பதா என்று கேட்டார். இவன் ஒரு கணக்குப் போட்டான். முடி அம்மனுக்குத்தானே, எங்கே வெட்டினால் என்ன, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். தானே வெட்டித் துண்டில் முடிந்துவைத்துவிட்டு இறங்கினான். ஜெயித்தான். அணியும் ஜெயித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் வாயில் யாரோ பால்கோவாவைத் திணித்தார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் தலையையே பார்த்தாள். "முடி எங்க?" என்றாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நானும் கூடப் போனேன். ஆற்றங்கரையில் மொட்டையடிக்கும் சோலைச்சாமி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தலையோட வரணும்யா. முடிய மட்டும் பொட்டணமாக் கட்டிக் கொண்டாந்தா எப்படி?"

மறுவருஷம் புதிதாக வளர்த்து இறக்கினான். மனசு ஆறவில்லை. "நேந்தது வேற, குடுத்தது வேற. ஆத்தா பிள்ளைய எப்பக் கேப்பாளோ" என்பான். குஸ்திக்கு முழுக்குப் போட்டான். மாடத்தி தும்மினாலும் இவன் முகம் செத்துப்போகும். நாளாக ஆக அவளைத் தொடுவதையே விட்டுவிட்டான். கத்தரிக்கோல் பிடித்த கையாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அவன் அவளைப் பார்க்கிற பார்வையைக் கண்டால் நானும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசி அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். இவன் உள்ளேயே வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றான். மழை வெறித்த காலையில் அவள் கண் திறந்து, "அப்பா எங்க?" என்று கேட்டாள்.

நான் வெளியே ஓடினேன். "ஏலே, பிள்ள பொழச்சிட்டா! உன்னியத்தான் கேக்கா. வா!"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு காலை எடுத்து வைத்தவன் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இந்தத் தடவ பொழச்சிட்டா" என்றான்.

அவன் வரவேயில்லை. வார்டில் அவள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.