டெல்மர் குல்பாக் கோபப்பட்ட சனிக்கிழமை

எங்கள் ஊர் ஹாக்கிக் கூடத்தில் பனித்தரையை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவர் டெல்மர் குல்பாக். ஐம்பத்திரண்டு வயது. ஒருமுறை ஒரு பையனின் மட்டை அவருடைய முழங்காலைப் பதம்பார்த்தபோது, "மன்னிச்சுக்கப்பா, நான்தான் குறுக்க நின்னுட்டேன்" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். இதை ஒரு பெருமையாகச் சொல்ல முடியாது. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். டெல்மர் இரண்டு முறை கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு நிலவறையில் நாங்கள் கூடுவோம். சலவை இயந்திரத்துக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் நடுவே ஒரு மேஜை. மேஜையில் பகடைகள், பீர், பாலாடைக்கட்டித் துண்டுகள். ஆளுக்கொரு கற்பனை மனிதராக மாறி, நாடு காக்கக் கிளம்புவோம். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஹார்லன்தான் கதை நடத்துகிறவர். அரக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. யார் வெட்டு விழுந்தது, யார் தலை போனது என்பதைப் பகடை சொல்லும். பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவேன் எங்கள் பூசாரி. நான் திருடன். டெல்மர், தோர்கில் என்ற போர்வீரன். உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்புக் கவசம். சண்டை என்றால் தோர்கில் முன்னால் போய் நிற்பான், நாங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வீரம் பேசுவோம். ஒன்பது வருடம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

அக்டோபரில் கியர்ஸ்டன் வந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில், யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போடுகிற வேலை. அந்தத் திறமை முழுவதையும் தன் வீரன்மேல் இறக்கியிருந்தாள். அவன் வெறும் போர்வீரன் இல்லை. பாதி போர்வீரன், கால் திருடன், மிச்சத்துக்கு வேட்டைக்காரன். இந்தக் கலப்புத் தொழில் விதிகளில் உண்டு: ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் பழைய தொழிலிலேயே தொடரலாம், அல்லது புதிதாக ஒன்றைத் தொட்டுக்கொள்ளலாம். அவள் முறை வந்தால் பகடைகள் ஆலங்கட்டி மழைபோல் கொட்டும். மூன்று வாரம் தொடர்ந்து, டெல்மரின் முறை வருவதற்குள் அரக்கன் செத்துப்போனான்.

மூன்றாவது வாரம் டெல்மர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே, "பரவாயில்ல, நான் பொணத்தத் தள்ளி வெக்கிறேன்" என்றார். டுவேன் பாலாடைக்கட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். எங்கள் ஊரில் துக்க வீட்டில்தான் அப்படி நகர்த்துவார்கள்.

அன்று முடிவில் ஹார்லன் அறிவித்தார்: "எல்லாருக்கும் ஒரு லெவல் ஏறுது. அடுத்த சனிக்கிழமை முடிவு பண்ணிட்டு வாங்க. ஒருதடவ சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாது."

டெல்மர் குல்பாக்கின் கொடுமையான வாரம் அப்படித் தொடங்கியது. தோர்கில் போர்வீரனாகவே இருந்தால், அவன் எதற்கு? அவன் எதற்கு என்றால், சனிக்கிழமைதோறும் அந்த நாற்காலியில் டெல்மர் எதற்கு? வீடு அவருடையது என்பதால் கூப்பிடுகிறார்களோ? இந்தக் கேள்வியை யாரிடமும் நேராகக் கேட்க முடியாது. அதனால் அவர் தோர்கிலின் தொழிலைப் பற்றிக் கேட்டார்.

என்னை பெட்ரோல் நிலையத்தில் பிடித்தார்.

"தோர்கில் கொஞ்சம் திருட்டும் பழகினா எப்படி இருக்கும்?"

"அதுக்கென்ன, பழகலாமே."

"இல்ல, போர்வீரனாவே இருக்கட்டுமா?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

பொரித்த மீன் சாப்பிடும் இடத்தில் டுவேனைக் கேட்டார். "உனக்கு எது தோணுதோ அது" என்றான் டுவேன். மனைவி ஜோலீனிடம் கேட்டார். "என்னைக் கேட்டா? இப்படியே இருந்தாலும் மோசமில்ல" என்றாள். முப்பது வருடத் திருமணத்தில் அவள் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அது. பாவம், டெல்மர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கடைசியாகப் புதன்கிழமை வழிபாடு முடிந்து பாஸ்டர் ரூத்திடம் போனார். இருட்டுச் சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறுகிற தொழிலும் பட்டியலில் இருந்ததால், லூத்தரன் திருச்சபைக்கு இதில் ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று தெரிந்துகொள்ள நினைத்தார். பாஸ்டர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அது... வித்தியாசமா இருக்கு, டெல்மர்" என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது. கூரை பறந்துபோனாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம். டெல்மர் அந்த ஒப்பந்தத்தை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

தூக்கம் போனது. பனித்தரையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். மட்டையோடு காத்திருந்த குழந்தைகள், தரை இனி கண்ணாடியாக மாறும்வரை விடமாட்டார் போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருவழியாகப் புனிதவீரன் என்று முடிவானது. ஆனால் ஹார்லனின் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு: புது தொழில் எடுத்தால் அதை வாயால் நடத்திக் காட்ட வேண்டும். டுவேன் பூசாரியானபோது எழுந்து நின்று ஜெபம் பண்ணினான் (சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபம்தான், வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது). புனிதவீரன் என்றால் சபதம் எடுக்க வேண்டும். டெல்மர் சபதத்தை மனப்பாடம் செய்து, வண்டி இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் ஒத்திகை பார்த்தார்.

சனிக்கிழமை எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது. "தோர்கில் சத்தியம் பண்றான்..." என்று ஆரம்பித்தார்.

"வசீகரம் எவ்வளவு?" என்றாள் கியர்ஸ்டன், தோர்கிலின் குணங்களுக்கான எண்கள் எழுதிய தாளை எட்டிப் பார்த்து.

"எட்டு."

"பதிமூணு வேணுமே, டெல்மர். இல்லன்னா புனிதவீரனாக முடியாது."

டெல்மர் உட்கார்ந்தார். திருடனாக லாகவம் பதிமூன்று வேண்டும், தோர்கிலுக்கு ஒன்பது. மந்திரவாதிக்கு அறிவு, அதைப் பேசாமலிருப்பதே மரியாதை. பூசாரிக்கு விவேகம், அதுவும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் பகடை போட்டு வாங்கிய எண்கள். ஒரு வாரம் தூக்கம் கெட்டு அவர் தட்டிய கதவுகள் எல்லாமே அவருக்குப் பூட்டியிருந்தவை. தோர்கிலிடம் இருந்தது வலிமை மட்டும். வலிமை மட்டும் கேட்கிற புது தொழில் ஒன்றே ஒன்று.

"காட்டுவீரன்" என்றாள் கியர்ஸ்டன். "வெறி வந்தா அடி பாதிதான் படும், வெட்டு பலமா விழும். ஆனா இரும்புக் கவசத்தோட வெறி பலிக்காது."

"வெறியா? கோவப்படணுமா?" என்றார் டெல்மர்.

"சத்தமா" என்றார் ஹார்லன்.

அன்றைய கதையில் ஒரு குகை; தோர்கில் கவசத்தை அதன் வாசலில் கழற்றி வைத்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, பீரைக் குடித்தேன். உள்ளே ராட்சதன் எழுந்தான். டெல்மரின் முறை.

"தோர்கிலுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு" என்றார்.

ஹார்லன் தலையாட்டினார். போதாது.

"தோர்கிலுக்கு... இது அவ்வளவா பிடிக்கல."

"டெல்மர்."

டெல்மர் பகடையைப் பார்த்தார், கொதிகலனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து புறப்பட்டது.

"ஒருத்தனாவது வாயத் தொறந்து சொல்லுங்கடா! ஒரு வாரமா நாய் மாதிரி அலையறேன். 'அதுவும் நல்லாத்தான் இருக்கும்', 'உனக்குத் தோணுறது'! நான் இங்க வேணுமா வேணாமா? வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைங்க!"

கொதிகலன் மட்டும் உறுமியது. மேலே ஜோலீன் நடப்பது நின்றது. டெல்மரின் முகம் வெளுத்துவிட்டது; சொன்னதை எட்டிப் பிடித்து மறுபடி விழுங்கிவிடலாமா என்று பார்ப்பதுபோல் இருந்தார். டுவேனின் கை மெதுவாக உயர்ந்தது. எங்கள் ஊரில் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி "சரி, அப்போ" என்றால் விருந்தாளி கிளம்புகிறார் என்று பொருள். ஒருவர் தட்டினால் எல்லாரும் எழுந்துவிடுவோம். டெல்மரின் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை.

கை மேஜைமேல் விழுந்தது. பகடைகள் துள்ளின.

"கவசத்த எதுக்குடா கழட்டின, மடையா?" என்று கத்தினான் டுவேன். "அடி வாங்குற ஆளு சட்டையில்லாம வந்து நின்னா, நான் எத்தன தடவதான் ஜெபம் பண்றது?"

"போர்வீரனாவே இருக்கச் சொல்லணும்னுதான் நெனச்சேன்" என்றேன் நான்.

"நெனச்சியா? பெட்ரோல் போட்டுக்கிட்டே நெனச்சியா?" என்றார் டெல்மர்.

கியர்ஸ்டன் தன் தாளை டெல்மர் முன்னால் தள்ளினாள். "என் ஆளோட உயிர்ப்புள்ளிய பாருங்க. ஒரு அடி தாங்க மாட்டான். முன்னாடி நீங்க நிப்பீங்கன்னு கணக்குப் போட்டுத்தான் அவன உருவாக்கினேன். நீங்க இல்லன்னா அவன் முதல் அடியிலயே காலி."

டெல்மர் அந்த எண்ணைப் பார்த்தார். உண்மையாகவே பரிதாபமான எண்.

"வெறி பலிச்சுது" என்றார் ஹார்லன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "வெட்டுக்கு ரெண்டு கூட்டிக்கோ."

டெல்மர் பகடையை உருட்டினார். வெட்டு விழுந்தது, ராட்சதன் சாகவில்லை. ஹார்லன் தன் பகடையை உருட்டினார். ராட்சதனின் கதாயுதம் தோர்கிலின் வெறும் மார்பில் இறங்கியது. பாதியாக்கிக் கழித்தபின், தோர்கிலுக்கு மூன்று புள்ளி உயிர் மிச்சம்.

"பின்னாடி வா!" என்றான் டுவேன்.

"வரக் கூடாது, வந்தா முதுகுல ஒண்ணு விழும்!" என்றாள் கியர்ஸ்டன்.

"மொதல்ல பாறைக்குப் பின்னாடி ஒளி, முட்டாள்!" என்றேன் நான்.

"அவன் பாறைக்குப் பின்னாடி ஒளியற சைஸா?" என்று படிக்கட்டில் பாதி இறங்கி வந்திருந்த ஜோலீன் கேட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன முதல் கருத்து.

டெல்மரின் நெற்றியில் வியர்வை. தோர்கில் அடுத்த அடியில் போய்விடுவான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நால்வரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம்.

"இருங்க, இருங்க" என்றார் டெல்மர், நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு. "ஒருத்தர் ஒருத்தரா திட்டுங்க. டுவேன், நீ ஆரம்பி."