கலிப்சோ என்றால் மறைப்பவள்

என் பெயர் கலிப்சோ. சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு சிரிக்க இதில் ஒன்றும் இல்லை.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மா மூட்டைகளை எண்ணிப் பதியும் கிளாக்கர். நான் பிறந்த கிழமை வந்து நின்ற கிரேக்கக் கப்பலின் பெயர் அது. யாருடைய பெயர் என்று கப்பல் சமையற்காரனிடம் கேட்டாராம். கடல் நடுவில் ஒரு தீவு, அதில் வாழ்ந்த வடிவான தெய்வப் பெண் என்று அவன் கையாலும் அரைகுறை இங்கிலீஷாலும் விளக்கினானாம். அது போதும், ஓடிப்போய்ப் பதிந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சண்டை பிடித்திருக்கிறார்.

"கலி எண்டு தொடங்கிற பேரை ஆராவது பொம்பிளைப் பிள்ளைக்கு வைப்பினமோ? உங்களுக்கென்ன விசரோ?"

அந்த ஆத்திரத்தில் அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெறும் 'பிள்ளை'தான். பள்ளிக்கூடத்தில், கலியும் சோகமும் சேர்ந்து வருகுது என்று பெட்டைகள் பழித்தார்கள். ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு ஒரு பாடம் முழுக்க முழங்காலில் நின்றேன். நல்லாய் இழுத்தேன், இன்றைக்கும் அதில் எனக்குக் கவலையில்லை.

எனக்குப் பத்து வயதில் அப்பா கப்பல்துறை என்ற கிராமத்தில் இருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது கண்டி வீதியில் பஸ்ஸை மறித்து, துவக்கோடு நின்றவர்கள் ஆண்களை எல்லாம் இறக்கினார்கள். பஸ் பெண்களோடு மட்டும் திருகோணமலை ரவுணுக்கு வந்து சேர்ந்தது. அம்மா ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலிலும் போய் நின்றார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் பதில்.

நாலு வருடம் கழித்து ஒரு புது இங்கிலீஷ் ரீச்சர் வந்தார். இடாப்பைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிடும்போது என் பெயரில் நின்றுவிட்டார்.

"இதின்ரை கருத்துத் தெரியுமோ பிள்ளை? மறைக்கிறது எண்ட கிரேக்கச் சொல்லிலையிருந்து வந்தது. மூடி மறைக்கிறவள்."

சந்தோசமாகக் கதையையும் சொன்னார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒருவனைக் கலிப்சோ தன் தீவில் ஏழு வருடம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள். அவன் நாள்தோறும் கடற்கரையில் இருந்து வீட்டை நினைத்து அழுதான். வகுப்பில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "அப்பாவை ஒளிச்சு வைச்சிருக்கிறது நான்தானாம், என்ரை பேரின்ரை கருத்து அதுதானாம்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பிறகு என்ன ஆனவர்?" என்றார்.

"ஏழு வருசத்துக்குப் பிறகு விட்டிட்டாள். வீட்டை போய்ச் சேர்ந்திட்டார்."

அன்றையிலிருந்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். இன்னும் மூன்று வருடம்தான், அப்பா வருவார் என்று என்னிடம் சொன்னார், அயலுக்கும் சொன்னார். ஏழாம் வருடம் வந்தது. அப்பாவின் சேட்டுகளைத் தோய்த்து, அயன் பண்ணி அலுமாரியில் அடுக்கினார். வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் நான் அவரது முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விடுவேன். அந்த வருடமும் போனது. மேலே ஐந்து மாதமும் போனது.

"இந்தப் பேரோடை இனி ஏலாது. மாத்தித் தாங்கோ," என்றேன்.

அம்மா என்னோடு மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு வந்தார். பெயர் மாற்றுவதற்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்றார் அங்கிருந்த கிளாக்கர். அவர் இல்லை என்றேன். எங்கே என்று கேட்டவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காணாமல் போனவரெண்டால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் அம்மா. இந்தப் படிவத்திலை நீங்கள் கையெழுத்து வைச்சால் சரி. அதுக்குப் பிறகு பிள்ளையின்ரை பேரை மாத்தலாம்."

அந்தப் படிவத்தை முன்பொருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்த கிராம சேவகரை அம்மா படலையில் வைத்தே ஏசிக் கலைத்தவர். இந்த மனிதனும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"பேனையைத் தாங்கோ தம்பி. பிள்ளை கஷ்டப்படுறாள்."

அவர் பேனையை வாங்கியதும் நான் படிவத்தைப் பறித்தேன். "வேண்டாம். அப்பா வருவார்."

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் நம்பாத வார்த்தை அது. அம்மாவிடம் அதுவரை ஒருமுறையும் சொல்லாததும்தான்.

அம்மா பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் தலையைத் தடவினார். "ஓம் பிள்ளை, வருவார்," என்றார். காய்ச்சலில் புலம்பும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அம்மா எப்போது நம்பிக்கையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெகுகாலமாக 'வருவார்' என்பதை எனக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.